பழைய சைக்கிளுக்குப் பழைய உறுப்பு



ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் உள்ள பழைய உத்தியோகத்தர் குடியிருப்புகளிலும், பதுளை நகரத்துப் பழைய வீடுகள் சிலவற்றிலும், பின் விறாந்தையிலோ விறகுக் கொட்டகையிலோ சாய்த்து வைக்கப்பட்ட கறுப்புச் சைக்கிள் ஒன்றை இன்றும் காணலாம். அதன் டயர் இற்றுப்போயிருக்கும். ஆசனத்துத் தோல் வெடித்திருக்கும். ஹேண்டிலிற் துரு ஏறியிருக்கும். வீட்டார் அதனை எறியவும் மனமின்றி, ஏறிச் செலுத்தவும் வகையின்றி வைத்திருப்பர். ஈற்றில் ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் வருவார். ஒரு தலைமுறையைச் சுமந்த வண்டி தராசில் ஏறும். நிறைக்கு விலை பேசப்படும்.

அவ்வாறு தராசுக்குப் போகுமுன் அவ்வண்டியை மீண்டும் ஓடச் செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. பழைய வண்டிக்கு அதன் காலத்துக்குரிய உறுப்பையே தேடிப் பொருத்த வேண்டும் என அறிந்தோர் வற்புறுத்துவது ஏன்? இது முதலாவது வினா. அவ்விதியை எந்த எல்லை வரை கடைப்பிடிக்கலாம்? இது இரண்டாவது. சமவெளியில் இவ்விரண்டாம் வினா வெறும் சுவை பற்றியதாக இருக்கலாம். ஹப்புத்தளையிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் பாதையிலோ அது உயிர் பற்றிய வினாவாகும்.

முதலில் இவ்வண்டிகளின் பிறப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக அமைந்து, செயினால் பின்சக்கரம் சுழலும் சைக்கிளை, 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார் 'ரோவர்' என்னும் பெயருடன் செய்து வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் நொட்டிங்ஹாம் நகரில் றலி நிறுவனம் தோன்றியது. இரும்புக் குழாய்ச் சட்டகமும், காற்று டயரும், பெருந்தொகையாகச் செய்யும் தொழிற்சாலையும் ஒன்று சேர்ந்தபின், ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளெங்கும் கறுப்புச் சைக்கிள் பரவிற்று. றலி, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ், பிலிப்ஸ் என்னும் பெயர்கள் இலங்கையிற் குடும்பப் பெயர்கள் போலப் பழகிப்போயின.

நமது மலைநாட்டுக்குப் புகையிரதப் பாதை 1893-இல் ஹப்புத்தளையையும், 1894-இல் பண்டாரவளையையும், 1924-இல் பதுளையையும் எட்டிற்று. தோட்டங்களிற் சைக்கிள் எல்லார்க்கும் கிட்டிய பொருளன்று. கொழுந்து பறித்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் அஃது எட்டாக் கனியாகவே இருந்தது. கிளாக்கர், மருந்தாளர், பாடசாலை ஆசிரியர் போன்றோரே மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதனை வாங்க இயன்றவர். ஏற்றத்தில் தள்ளிச் சென்று இறக்கத்தில் ஏறி வருவது மலைநாட்டுச் சைக்கிளோட்டத்தின் இலக்கணம். அதனால், சமவெளிச் சைக்கிளைவிட நமது வண்டிகளிற் பிரேக்கும் ரிம்மும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். இதனை மனத்திற் கொண்டே நாம் மேலே செல்லவேண்டும்.

ஒரு பழைய சைக்கிளைத் திருத்தப் புகுமுன், அதனை வாசிக்க அறிந்திருக்க வேண்டும். நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி, ஒரு பாடசாலையின் அதிபர். கல்வெட்டை ஆராய்பவர் முதலிற் கல்லைக் கழுவி எழுத்தைப் பார்ப்பது போல, சைக்கிளையும் முதலிற் துடைத்து அதன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் துறை எனக்குக் கற்பித்த பாடம்.

எழுத்து எங்கே இருக்கும்? முதலாவது, ஹேண்டிலுக்குக் கீழே முன்குழாயில் உள்ள சின்னத்தில். இரண்டாவது, பெடல் சுழற்றும் பெரிய பற்சக்கரத்தின் வடிவத்தில். றலி வண்டியின் பற்சக்கரத்தில் நாரையின் தலை வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் வட்டமாக நிற்கும். ரட்ஜ் வண்டியில் விரித்த கை ஒன்று காணப்படும். பெயரும் பூச்சும் அழிந்துபோன வண்டியைக்கூட இப்பற்சக்கரம் காட்டிக்கொடுக்கும். ஹம்பர் சைக்கிளின் உரிமை 1932-இலும், ரட்ஜ் சைக்கிளின் உரிமை 1943-இலும் றலியிடம் வந்து சேர்ந்தன. ஆகவே அதற்குப் பிந்திய ஹம்பரும் ரட்ஜும் றலியின் உடன்பிறப்புகளே. ஒன்றின் உறுப்பு மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்றாவது எழுத்து, பின்சக்கரத்தின் நடுவேயுள்ள குடத்தில், அதாவது ஹப்பில் உள்ளது. மூன்று கியர் கொண்ட வண்டியாயின் அதில் 'ஸ்ரேர்மி ஆர்ச்சர்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே ஏ, டபிள்யூ என்னும் இரு எழுத்துகளும் சில இலக்கங்களும் காணப்படும். 54 என்றும் 7 என்றும் இருந்தால், அந்த ஹப் 1954-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பெரும்பாலான பொருள்கள் தம் வயதை மறைக்கின்றன. இந்த ஹப்போ தன் பிறந்த மாதத்தையே சொல்லிவிடுகின்றது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: அது ஹப்பின் வயதேயன்றி வண்டியின் வயதன்று. இடையிற் சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலால் சின்னம், பற்சக்கரம், ஹப், பிரேமில் அடித்த இலக்கம், ஆசனத்தின் முத்திரை ஆகிய அனைத்தும் ஒத்துச் சொல்லுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பல சாட்சிகள் ஒத்தால் மட்டுமே தீர்ப்பு உறுதியாகும்.

இனி முதலாவது வினாவுக்கு வருவோம். காலத்துக்குரிய உறுப்பே வேண்டும் என்பதற்கு முதற் காரணம் அழகன்று, பொருத்தமே. சைக்கிள் எல்லாம் ஒன்று போலத் தோன்றினும், அவற்றின் புரிகள் வேறு வேறானவை. றலித் தொழிற்சாலை, முன்குழாயின் கிண்ணங்களுக்கும் பெடல் அச்சின் கிண்ணங்களுக்கும் ஓர் அங்குலத்தில் 26 புரிகள் வெட்டிற்று. பிறர் பலர் பி.எஸ்.ஏ. வகுத்த முறைப்படி 24 புரிகள் வெட்டினர். இரண்டையும் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. 24 புரிக் கிண்ணத்தை 26 புரிக் குழாயில் வைத்துச் சாவியாற் பலங்கொண்டு திருகினால், முதல் இரண்டு சுற்று ஏறும், பின்பு இறுகும், அதன் பின்பு பிரேமின் புரியே அழியும். பத்து நிமிட அவசரம், எழுபது ஆண்டு நிலைத்த பிரேமை வீணாக்கிவிடும்.

சக்கரங்களிலும் இதே கதைதான். அக்காலத்து ஆங்கிலச் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள். பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். சுமை பின்புறம் கூடுதலாக விழுவதால் இவ்வாறு பங்கிட்டனர். இரண்டிலும் 36 துளை கொண்ட ரிம்மை இவ்விரு ஹப்புகளிலும் பூட்ட இயலாது. மேலும், அக்காலத்துப் பிரேக் இரும்புக் கோல்களால் இயங்குவது. கைப்பிடியை அழுத்தினால் கோல் மேலே இழுபட, ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அச்சை நோக்கிய பக்கத்தில் அழுந்தும். அதற்கேற்ப உட்புறத்தில் வளைந்த இரு வரம்புகள் கொண்ட வெஸ்ற்வூட் ரிம் செய்யப்பட்டது. பக்கவாட்டில் அழுத்தும் பிரேக்குக்கான தட்டை ரிம்மை அதில் மாட்டினால், கட்டைகள் பற்ற இடமின்றி வழுக்கும். ஆக, பழைய பிரேக்கும் பழைய ரிம்மும் சோடியாகப் பிறந்தவை. ஒன்றைப் பிரித்தால் மற்றது பயனற்றுப்போகும்.

இக்காரணத்தால், உறுப்புகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுதல் நன்று. அப்படியே வைத்துக்கொள்ளத்தக்கவை, செப்பனிடத்தக்கவை, மாற்றியே ஆகவேண்டியவை என்பனவே அவை. மாற்றும்போது முதலில் அதே காலத்து, அதே தொழிற்சாலையின் உறுப்பைத் தேட வேண்டும். அது கிடையாதவிடத்து, அதே அளவில் இன்று செய்யப்படும் உறுப்பைக் கொள்ளலாம். இங்கு நமக்கு ஒரு நற்பேறு உண்டு. இங்கிலாந்திற் கறுப்புச் சைக்கிளின் காலம் முடிந்துவிட்டது. நொட்டிங்ஹாம் தொழிற்சாலையும் 2002-இல் மூடப்பட்டது. ஆனால் இந்தியாவில் அவ்வகைச் சைக்கிள் அழியவில்லை. 1949-இல் தொடங்கிய சென்னை டி.ஐ. நிறுவனம் ஹேர்குலிஸ் சைக்கிளைச் செய்தது. அசன்சோல் அருகே சென்-றலி நிறுவனம் றலியைச் செய்தது. பின்னர் லூதியானா நகரம் சைக்கிள் தொழிலுக்குத் தலைநகராயிற்று. அதனால் 28 அங்குல டயர், கோல் பிரேக்கின் கட்டை, கம்பி, ரிம் ஆகியவை அங்கிருந்து இன்றும் வருகின்றன. மூன்று கியர் ஹப் செய்யும் ஸ்ரேர்மி ஆர்ச்சர் 2000-ஆம் ஆண்டில் தாய்வான் நாட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறியது; அதன் உறுப்புகளும் இன்றுவரை செய்யப்படுகின்றன.

இனி வேலைக்கு வருவோம். கழற்றுமுன் வண்டியை எல்லாப் பக்கமும் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பகுதியின் ஆணியும் நட்டும் போல்சும் தனித்தனிப் பால்மா டின்னுக்குள் போகட்டும். டின்னின் மேல் பெயர் எழுதப்படட்டும். துருவேறிய இணைப்புகளில் மெல்லிய எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். இத்தொழிலில் எண்ணெயைவிடச் சிறந்த கருவி பொறுமையே. இடப்பக்கப் பெடலும், வலப்பக்கத்துப் பெடல் அச்சுக் கிண்ணமும் எதிர்ப்புரி கொண்டவை என்பதை மறவாதீர்கள். வழக்கமான திசையில் திருகினால் அவை மேலும் இறுகும்.

பெடலைத் தாங்கும் கையை அச்சோடு பிணைப்பது, ஒரு புறம் சரிவாக அராவப்பட்ட சிறிய ஆப்பு. சைக்கிள் திருத்தும் பாஸ்மார் அதனைக் கொட்டர் பின் என்பர். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதனைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுத்துவிட்டுச் சுத்தியலால் அடித்தால் புரித்தலை நசுங்கும். அடியின் அதிர்ச்சி உள்ளேயுள்ள போல்சுகளையும் கிண்ணத்தையும் காயப்படுத்தும். நட்டைப் புரியின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி வைத்து, பெடல் கையின் அடியில் நிலத்திலிருந்து ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே ஓங்கிய அடியாக அடித்தல் வேண்டும். பத்து மெல்லடியைவிட நிறுத்தி அடித்த ஓரடி மேல்.

துருவை நீக்குவதில் மிகுந்த நிதானம் தேவை. பளபளப்பான பூச்சுள்ள உறுப்பை உப்புத்தாளால் தேய்க்கலாகாது. தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்தாலே குரோமியத்தின் மேற்படிந்த துரு வந்துவிடும். முன்னாளிற் தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய, நாம் ஈயத்தாள் என்று அழைத்த தாளும் அவ்வினத்ததே. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முந்திய வண்டியாயின், அதன் பூச்சு குரோமியம் அன்று, நிக்கல். நிக்கல் சற்றே மஞ்சள் சாயல் உடையது. குரோமியம் நீலச் சாயல் உடையது. நிக்கல் வண்டிக்குக் குரோமியம் பூசினால், அது பழைய ஓவியத்துக்குப் புதிய வர்ணம் தீட்டியதை ஒக்கும். இன்னொன்று: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் ஹேண்டில், ரிம் முதலியவற்றுக்கும் கறுப்பே பூசி அனுப்பினர். அவ்வாறு கறுத்த ஹேண்டில் கிடைத்தால், அது வறுமையின் அடையாளமென எண்ணி வெள்ளியாக மினுக்கிவிடாதீர்கள். அது ஒரு போரின் எழுத்து.

பிரேமின் கறுப்புப் பூச்சில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் அதனை உரிக்க வேண்டாம். மெதுவாகக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசினால் போதும். துரு கடித்த இடத்தை மட்டும் நிறுத்திவிடலாம். அருங்காட்சியகத்தார் துருவேறிய இரும்பின்மேல் தனிக் அமிலக் கரைசலைப் பூசுவர்; அது துருவோடு சேர்ந்து கருநிறமான காப்புப் படையாக மாறும். கடுஞ்சாயத் தேநீரில் இரும்பாணி கிடந்தால் நீர் கறுப்பதும் இவ்வின வினையே. முழுவதும் புதிதாகப் பூசித்தான் ஆகவேண்டுமெனில், ஊவாவின் வறட்சி மாதங்களான ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைத் தெரிவு செய்யுங்கள். நமது தேயிலைக்கு நறுமணம் தரும் அதே உலர் காற்று எனாமலையும் நன்கு உலர்த்தும்; ஆனால் அக்காற்று தூசியையும் கொண்டுவரும். ஆகையால் கதவடைத்த அறைக்குள்ளேயே பூச வேண்டும்.

அடுத்து, பலரும் அஞ்சும் மூன்று கியர் ஹப். அஞ்சத் தேவையில்லை. அதன் நடுவே 20 பற்கள் கொண்ட ஒரு சில்லு அசையாது நிற்கும். அதனைச் சுற்றி, சூரியனைச் சுற்றும் கோள்கள் போல, நான்கு சிறு சில்லுகள் ஓடும். அவற்றை வளைத்து 60 பற்கள் கொண்ட வளையம் ஒன்று இருக்கும். கோள்களின் வழியே விசையைக் கொடுத்து வளையத்தின் வழியே எடுத்தால், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். வளையத்தின் வழியே கொடுத்துக் கோள்களின் வழியே எடுத்தால், காற்பங்கு குறையும். இரண்டுமின்றி நேரே கொடுத்தால் இயல்பான வேகம். பெரிய பற்சக்கரத்தில் 48 பல்லும் பின்பற்சில்லில் 18 பல்லும் உள்ள 28 அங்குல வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் நடுக்கியரில் வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் செல்லும். உயர்ந்த கியரில் 8 மீற்றர். தாழ்ந்த கியரில் நாலரை மீற்றர்.

சமவெளிக்கு இது போதும். தெமோதரை ஏற்றத்துக்குப் போதாது. இங்கு ஒரு நல்ல வழி உண்டு. பின்பற்சில்லை 22 பல்லுள்ளதாக மாற்றினால், தாழ்ந்த கியரில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 மீற்றரே வண்டி நகரும். காலுக்குப் பளு குறையும். அத்தகைய பற்சில்லை அந்நாளிலேயே உற்பத்தியாளர் விற்றனர். ஆகவே இது காலத்துக்கும் பொருந்தும், மலைக்கும் பொருந்தும். செயினை அதற்கேற்ப நீட்டவேண்டும். செயின் கவரில் உரசுகின்றதா என்றும் பார்க்கவேண்டும்.

நின்றுபோன ஹப் பெரும்பாலும் உடைந்ததன்று. பழைய எண்ணெய் உறைந்து பிசினானதே காரணம். ஹப்பின் மேலுள்ள சிறு மூடியைத் திறந்து மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, வடித்து, பின்பு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டால் பல ஹப்புகள் உயிர்பெறும். தேங்காய் எண்ணெய் விடலாகாது. ஹப்புத்தளையின் குளிர் இரவில் அது போத்தலிலேயே உறைவதை நாம் காண்கின்றோமல்லவா? ஹப்பினுள்ளும் அவ்வாறே உறையும். கியர்க் கம்பியை அளவாகப் பூட்டுவது இன்னும் முக்கியம். நடுக்கியரில் வைத்து, வலப்பக்க நட்டிலுள்ள சிறு துளை வழியே பார்த்தால், உள்ளிருக்கும் கோலின் படியும் அச்சின் நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். மட்டம் தவறினால், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே பெடல் திடீரெனப் பிடிப்பின்றிச் சுழலும். எழுந்து நின்று மிதிப்பவர் முன்னே விழுவார்.

இப்போது இரண்டாவது வினா. காலத்துக்குரிய உறுப்பு என்னும் விதிக்கு எல்லை எங்கே?

ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை ஏறத்தாழ 680 மீற்றர். இடையே 700 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம், வளைவுகள், மூடுபனி, எதிரே பஸ். ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர்க் கட்டையின் பிடி பெரிதும் குறைந்துவிடும் என்பது பழைய வண்டி ஓட்டிய எல்லார்க்கும் தெரியும். அப்படியிருக்க, அழகுக்காக அறுபது ஆண்டு பழமையான பிரேக் கட்டையையோ டயரையோ மாட்டி ஓடுவது அறிவுடைமையாகாது. ரப்பர் கிடந்தாலும் முதுமையடையும், கடினமாகும், வெடிக்கும். ஆகவே டயர், டியூப், பிரேக் கட்டை, கியர்க் கம்பி, கொட்டர் பின், போல்ஸ் ஆகியவை வடிவத்திற் பழைமையும் வயதிற் புதுமையும் கொண்டிருக்க வேண்டும். பழைய டயரை எறிய வேண்டாம், பெயரெழுதித் தொங்கவிடுங்கள். ஆனால் அதன்மேல் ஏறாதீர்கள்.

முன்கவையையும் அவ்வாறே சோதிக்கவேண்டும். ஹேண்டில் குழாய்க்கு அருகே பிரேம் குழாய்களின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சிறு வீக்கம் தட்டுப்பட்டால், அவ்வண்டி முன்பு எதிலோ மோதியிருக்கின்றது. கவையின் தோளில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றினாலும் அவ்வண்டி காட்சிக்கே உரியது, பாதைக்கு உரியதன்று. சீரான வண்டியாயினும் முதல் ஓட்டம் சமனான மைதானத்தில் நடக்கட்டும். இறக்கத்தில் வேகம் பிடித்தபின் பிரேக் போடாமல், தொடக்கத்திலிருந்தே இரு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்திக் காலோட்ட வேகத்தில் இறங்கவேண்டும். மழை பெய்தால் இறங்கித் தள்ளுவது கௌரவக் குறைவன்று. நமது முன்னோரும் தள்ளியே சென்றனர்.

ஆசனத்தைப் பற்றியும் ஒரு சொல். பர்மிங்ஹாம் நகரத்து புரூக்ஸ் நிறுவனம், தடித்த மாட்டுத்தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஆசனம் செய்தது. நமது ஈரத்தில் அத்தோலிற் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத் துணியாற் துடைத்து நிழலிலே உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் சுருங்கிப் பிளக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் தொய்ந்து தொட்டிலாகும். தோலுக்குரிய மெழுகைச் சிறிதளவு தேய்த்து, முன்னுள்ள நட்டைக் காற்சுற்று இறுக்கினாலே போதும்.

விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவையும் கழற்றி எறியாதீர்கள். 1990-களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, அந்த டைனமோவின் மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். வானொலி நேயர்களாகிய நாம் அச்சிறு கருவிக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் ஒரு கருத்து. காலத்துக்குரிய உறுப்பு என்றால் தொழிற்சாலையில் இருந்து வந்த உறுப்பு மட்டுமே என்று சிலர் எண்ணுவர். ஆனால் ஒரு வண்டியின் காலம் அது இங்கிலாந்திற் பிறந்த நாளோடு முடிந்துவிடவில்லை. தோட்டத்து ஸ்டோரின் கொல்லன் அடித்துப் பொருத்திய கரியர், உடைந்த மட்காட்டுக்குத் தேயிலைப் பெட்டித் தகட்டால் இட்ட ஒட்டு, உள்ளூராட்சி மன்றம் கொடுத்த உரிமத் தகடு, உரிமையாளர் ஆணியாற் கீறிய பெயரெழுத்து ஆகியவையும் அவ்வண்டியின் வரலாறே. அவற்றை நீக்கிக் கடையிலிருந்து வந்தது போல ஆக்கினால், நொட்டிங்ஹாமின் வரலாறு எஞ்சும். ஊவாவின் வரலாறு அழியும்.

நமக்கு இவ்விழப்பு சிறிதன்று. மலையகத் தமிழர் எழுத்துச் சான்று இல்லாமையின் துன்பத்தை நேரில் அறிந்தவர். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணிலே பிறந்து உழைத்தவர்களிடமே பிறப்புக்கும் வதிவுக்கும் ஆவணம் கேட்டது. அது காட்ட இயலாமற் போனோர் நாடற்றவராயினர். 1964-இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், பல்லாயிரம் குடும்பங்கள் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டன. பிரிந்தோரின் ஓலத்தால் அப்புகையிரதத்துக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. பெட்டியில் அடங்காத பொருள்களை அவர்கள் விற்றும் கொடுத்தும் சென்றனர். அவ்வாறு கைமாறிய ஒரு சைக்கிள் உங்கள் வீட்டில் நிற்குமாயின், அதன் பிரேமிற் கீறப்பட்ட இரண்டு எழுத்துகளே ஒரு குடும்பம் இங்கு வாழ்ந்ததற்கு எஞ்சிய சான்றாக இருக்கக்கூடும். அதன்மேற் புதுப்பூச்சு அடிக்குமுன் ஒரு கணம் நின்று யோசிப்பது நம் கடமை.

எனவே, செய்த வேலைக்கும் ஒரு பதிவு வையுங்கள். ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். வண்டியின் இலக்கம், ஹப்பின் ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எவ்வுறுப்பு எப்பொழுது மாற்றப்பட்டது என்பவற்றை எழுதி, கழற்றிய பழைய உறுப்புகளோடு சேர்த்து வையுங்கள். பாடசாலைகளில் இதனை மாணவர் செய்யலாம். புரியை எண்ணும்போது கணிதமும், துருவை நிறுத்தும்போது இரசாயனமும், கியரை விளக்கும்போது பௌதிகமும், உரிமையாளரை விசாரிக்கும்போது வரலாறும் ஒரே கொட்டகையில் ஒன்றுகூடும். முதியவர் ஒருவரை அழைத்து அவ்வண்டியைக் காட்டினால், நூலகத்தில் இல்லாத செய்திகள் அவர் வாயிலாக வெளிவரும்.

2022-ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாத நாட்களில், நாடெங்கும் சைக்கிள் மீண்டும் பாதைக்கு வந்ததை நாம் கண்டோம். புதுச் சைக்கிளின் விலை பலருக்கு எட்டாமற் போயிற்று. பழைய வண்டிகளைத் தேடி எடுத்துத் துடைத்தவர் பலர். தேவை வரும்போது துடைப்பதைவிட, வருமுன் காத்து வைத்தல் நன்றல்லவா?

வடிவத்தில் அக்காலத்தை மதியுங்கள்; பிரேக்கிலும் டயரிலும் இக்காலத்தைக் கொள்ளுங்கள்; உரிமையாளர் விட்டுச் சென்ற அடையாளத்தை எக்காலத்திலும் அழிக்காதீர்கள். பழைய சைக்கிளைத் திருத்தப் புகுவோர்க்கு இம்மூன்றும் போதுமான விதிகளாகும்.